ஈரொட்-கோ மலைக் கோபுரம்: கார் நிறுத்தத்திலிருந்து ஏறுவதா, ஹங்கேரிக் காட்டு வழியாக நடப்பதா?

#1 நடைவண்டி (வியன்னா)

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாக இந்த மலைக்குப் போய்வந்தேன். நம் ஆட்கள் மலை என்றால் ராக்ஸ், ஷ்னேபெர்க் என்று அந்த இரண்டையே சுற்றிவருகிறோம். ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரத்துப் புர்கன்லாண்டில், ஹங்கேரி எல்லைமேலேயே, 884 மீட்டரில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இங்கே யாரும் அதைப் பற்றி எழுதிப் பார்த்ததில்லை. அதனால் இந்த இழை.

ஜெர்மனில் அதன் பெயர் கெஷ்ரீபன்ஷ்டைன். ஹங்கேரியனில் ஈரொட்-கோ. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எழுதிய கல். புர்கன்லாண்ட் மாநிலத்தில் இதைவிட உயரமான இடம் கிடையாது. அந்தப் பக்கம் பார்த்தால், டான்யூபுக்கு மேற்கே உள்ள ஹங்கேரி முழுவதற்கும் இதுவே உச்சி. மரங்களுக்கு மேலே தலைநீட்டிக்கொண்டு ஒரு கல் கோபுரம், 1913 இல் கட்டியது. எல்லைக்கோடு அந்தக் கோபுரத்தின் நடுவாகப் போகிறது. மேல்தளத்தில் நாலு எட்டு வைத்தால் நாடு மாறிவிடும்.

சண்டைக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆஸ்திரியப் பக்கம் லோக்கன்ஹவுஸுக்கும் ரெஹ்னிட்ஸுக்கும் நடுவில் ஒரு மலைச்சாலை போகிறது. அதன் உச்சியில் காரை நிறுத்தினால் அரைமணியில் கோபுரத்தடிக்கு வந்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் மலையேறிய கணக்கில் சேராது. வெலெம் கிராமத்திலிருந்தோ கோசெக் ஊரிலிருந்தோ ஹங்கேரிக் காட்டு வழியாக நடந்து வரவேண்டும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#2 கட்டுச்சோறு

தலைப்பைப் பார்த்ததும் யாரோ பஸ் ஸ்டாண்டில் "ஈரோட்டுக்கோ?" என்று கேட்கிற மாதிரி இருந்தது. மஞ்சள் மண்டி, ஜவுளிச் சந்தை எல்லாம் எதிர்பார்த்து உள்ளே வந்தேன். ஏமாற்றிவிட்டீர்கள்.

#3 நடைவண்டி

இந்த ஜோக்கை யாராவது சொல்லிவிடுவார்கள் என்று தெரியும், இரண்டாவது பதிவிலேயே வரும் என்று நினைக்கவில்லை. உச்சரிப்பும் ஏறக்குறைய அதுதான். கடைசி 'கோ'வை மட்டும், உதட்டை 'ஓ'வுக்குக் குவித்துக்கொண்டு 'கே' சொல்லிப் பாருங்கள். வரும்.

#4 செம்பருத்தி

நாங்கள் ஆகஸ்டில் போனோம், நீங்கள் திட்டுகிற அந்தக் கார் நிறுத்தத்திலிருந்துதான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். அப்பாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தகராறு. மலை காட்டுகிறேன் என்று கூட்டிப் போய் கேபிள் காரில் ஏற்றி இறக்குவதில் எனக்கு இஷ்டமில்லை. இந்தப் பாதை அகலமாக, நிழலாக, மெதுவாக ஏறுகிறது. அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போனார்.

அப்பா கோபுரப் படிகளையும் ஏறினார். மேலே நின்று கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கேம்மா பார்டர்?" என்றார். நீங்கள் இப்போது இரண்டு நாட்டிலும் நிற்கிறீர்கள் அப்பா என்றேன். "ஒரு கம்பி கூட இல்லையே" என்று கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்தார். அவர் வேலை பார்த்த காலத்தில் பஞ்சாபில் சில வருடங்கள் இருந்தவர், பார்டர் என்றால் அவருக்கு வேறு படம். அதற்குள் என் போனில் ஹங்கேரிக்கு நல்வரவு, ஆஸ்திரியாவுக்கு நல்வரவு என்று மாறி மாறிச் செய்தி. பத்து நிமிடத்தில் ஐந்து வந்தது.

அதனால் கார் நிறுத்தத்தைத் திட்டாதீர்கள், நடைவண்டி. எல்லோருக்கும் உங்கள் முழங்கால் வாய்க்கவில்லை.

ஒரு சந்தேகம். அப்பா அம்மாவுடையது ஒரே தடவை நுழையும் ஷெங்கன் விசா. கோபுரத்தில் அந்தப் பக்கம் கால் வைத்தது ஒரு நுழைவாகக் கணக்கானால் என்ன செய்வது என்று வரும் வழியெல்லாம் எனக்கு உதைப்பு. ஊருக்குப் போகும்போது விமான நிலையத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

#5 குடந்தைக் கணக்கன்

கணக்காகாது அம்மா, கவலை வேண்டாம். ஹங்கேரி 2007 டிசம்பர் 21 முதல் ஷெங்கனில் இருக்கிறது. ஷெங்கனுக்குள் எத்தனை தடவை எல்லை தாண்டினாலும் அது புதிய நுழைவு ஆகாது. வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் கணக்கு.

ஆனால் பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். 2015 செப்டம்பரில் ஆஸ்திரியா ஹங்கேரி எல்லையில் சோதனையை மறுபடி கொண்டுவந்தது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள், ஆறாறு மாதமாக நீட்டிக்கொண்டே போனார்கள். காட்டுப் பாதையில் யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. ரயிலில் என் அட்டையை இரண்டு தடவை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். கோபுரத்திலிருந்து ஹங்கேரிப் பக்கம் இறங்கி ரயிலில் திரும்புவதாக இருந்தால் கையில் கட்டாயம் இருக்கட்டும். தஞ்சக் கோரிக்கை இன்னும் முடியாதவர்கள் மட்டும் எல்லை தாண்டவே கூடாது. அந்த அட்டைக்கு வெளிநாடு போகும் உரிமை இல்லை.

#6 நடைவண்டி

செம்பருத்தி, முழங்கால் விஷயத்தில் வாபஸ். உங்கள் அப்பா படியேறியதைப் படித்தபிறகு கார் நிறுத்தத்தைத் திட்ட மனசு வரவில்லை. நான் குறிவைத்தது முப்பது வயதில் காரை விட்டு இறங்கி, படம் எடுத்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறவர்களை. (நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன்.)

உங்கள் அப்பா தேடிய கம்பி ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் கோபுரத்தில் இல்லை. ஹங்கேரி 1949 இல் முள்வேலியும் கண்ணிவெடியும் போட ஆரம்பித்தது. 1956 இல் வெடிகளை எடுத்தார்கள், எழுச்சி அடக்கப்பட்டபின் அடுத்த வருடமே மறுபடி புதைத்தார்கள். 70களின் தொடக்கத்தில் அதற்குப் பதிலாக, தொட்டால் காவல் நிலையத்தில் மணியடிக்கும் மின்கம்பி வேலி வந்தது. அந்த வேலி எல்லைக்கோட்டின்மேல் போகவில்லை. பல இடங்களில் ஹங்கேரிக்குள்ளே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனது. அதாவது வேலிக்கும் எல்லைக்கும் நடுவே ஒரு பட்டை, ஹங்கேரியின் நிலம்தான், ஆனால் ஹங்கேரியர் நினைத்தபடி நுழைய முடியாது. மலையுச்சி அந்தப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டது. வியன்னாக்காரன் ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு உலாத்த வருகிற அதே கோபுரத்துக்கு, கோசெக்கில் பிறந்தவன் அனுமதிச் சீட்டு இல்லாமல் வர முடியாது. 1989 மே 2 அன்றுதான் அந்த வேலியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

கிழக்கிலிருந்து நடந்து வாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்தப் பக்கத்துப் பாதைக்கு ஒரு தவிப்பு இருக்கிறது. கார் நிறுத்தத்துப் பாதைக்கு அது இல்லை.

#7 குடந்தைக் கணக்கன்

உயரம் பற்றி ஒரு வார்த்தை. நில அளவைத் துறையில் இருந்தவன், சும்மா இருக்க முடியவில்லை.

ஆஸ்திரிய வரைபடத்தில் 884. ஹங்கேரிய வரைபடங்களில் 882 என்றும் 883 என்றும் பார்ப்பீர்கள். மலை சாய்ந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரியா உயரத்தை ட்ரியெஸ்ட் துறைமுகத்தில் 1875 இல் குறித்த அட்ரியாட்டிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறது. ஹங்கேரியும் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக் காலத்தில் அதையேதான் வைத்திருந்தது. சோவியத் அணியில் சேர்ந்தபின் லெனின்கிராடுக்குப் பக்கத்தில் க்ரோன்ஷ்டாட்டில் குறித்த பால்டிக் கடல்மட்டத்துக்கு மாறியது. ஹங்கேரியில் இரண்டுக்கும் வித்தியாசம் 67.5 சென்டிமீட்டர், பால்டிக் கணக்கில் எல்லாமே அவ்வளவு குட்டை. முழு வித்தியாசத்துக்கும் அதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன், முழு எண்ணாக்கும்போதும் கொஞ்சம் அங்கே இங்கே போயிருக்கும். ஆனாலும் ஒரே கோபுரத்தின் அடிக்கல் ஒரு பாதி இத்தாலியக் கடலுக்கும் மறுபாதி ரஷ்யக் கடலுக்கும் பதில் சொல்கிறது.

#8 கட்டுச்சோறு

அப்போ ஹங்கேரிப் பக்கத்திலிருந்து ஏறினால் 67.5 சென்டிமீட்டர் மிச்சம். நடைவண்டி இதற்காகத்தான் அங்கிருந்து ஏறச் சொல்கிறார்.

ஐயா, உண்மையான கேள்வி ஒன்று. எல்லைக்கோட்டை ஏன் கோபுரத்தின் நடுவாகப் போட்டார்கள்? பத்து அடி தள்ளிப் போட்டிருக்கக் கூடாதா?

#9 குடந்தைக் கணக்கன்

கோபுரம் கட்டியபோது அங்கே நாட்டு எல்லையே இல்லையப்பா. 1913 இல் இரண்டு சரிவும் ஹங்கேரிதான், வாஷ் என்ற ஒரே மாவட்டம். மலைநடைக்காரர்கள் காட்சி பார்க்கக் கட்டினார்கள், வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

முதல் உலகப் போரில் அந்தப் பேரரசு தோற்றபின் வெற்றி பெற்றவர்கள் ஆஸ்திரியா, ஹங்கேரி என்ற இரண்டு துண்டையும் பிரித்தார்கள். ஹங்கேரியின் மேற்கு விளிம்பில் ஜெர்மன் பேசும் ஊர்கள் நிறைய இருந்ததால் அந்தப் பட்டையை ஆஸ்திரியாவுக்குக் கொடுப்பதென்று ஒப்பந்தத்தில் முடிவாயிற்று. 1921 இல் கைமாறியது. அங்கே அதற்கு முன் தனி மாநிலம் என்று ஒன்று இருந்ததே இல்லை, பெயரும் கிடையாது. பிரெஸ்புர்க், வீசல்புர்க், ஓடன்புர்க், ஐசன்புர்க் என்று நான்கு ஹங்கேரிய மாவட்டங்களின் ஜெர்மன் பெயரும் 'புர்க்' என்று முடிகிறதா, அதிலிருந்து புர்கன்லாண்ட் என்று ஒரு பெயரை உண்டாக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த நான்கு ஊர்களில் ஒன்றுகூடக் கடைசியில் புர்கன்லாண்டில் இல்லை. ஓடன்புர்க்தான் இன்றைய ஷோப்ரோன். தலைநகராகும் என்றிருந்தார்கள். 1921 டிசம்பரில் அங்கே வாக்கெடுப்பு நடந்து அது ஹங்கேரியோடு தங்கிவிட்டது.

எல்லை வகுக்கும்போது மலைமுகட்டை வைத்துக் கோடு போடுவது வழக்கம், அதுதான் சுலபம். கோபுரம் மிகச் சரியாக முகட்டின் உச்சியில் நின்றது. நான் அளந்திருந்தாலும் அங்கேதான் போட்டிருப்பேன்.

பெயரில் உள்ள அந்த 'எழுதிய கல்'லும் எல்லைக்கல்தான். எஸ்டர்ஹாசி, பொத்தியானி என்ற இரண்டு பிரபுக் குடும்பங்களின் நிலம் அங்கே சந்தித்தது. எஸ்டர்ஹாசிக்கு லோக்கன்ஹவுஸ், பொத்தியானிக்கு ரெஹ்னிட்ஸ். நாடுகள் வருவதற்கு முன்பே அந்த உச்சி எல்லையாகத்தான் இருந்திருக்கிறது. திசை மட்டும் மாறியது. அன்றைக்கு வடக்கையும் தெற்கையும் பிரித்தது, இன்றைக்குக் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கிறது.

#10 வல்லைவெளி (கிராட்ஸ்)

நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. வாசித்துவிட்டுப் போய்விடுவேன். ஆறாம் பதிவில் தம்பி 'தவிப்பு' என்று எழுதியதைப் பார்த்ததும் ஒன்று சொல்லவேண்டும் போல இருந்தது.

91 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் நான் ஹங்கேரியிலிருந்து ஆஸ்திரியாவுக்குக் காட்டுக்குள்ளால் நடந்து வந்தேன். இந்த மலை இல்லை, இதற்குத் தெற்கே எங்கேயோ. எந்த ஊர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாங்கள் ஆறு பேர். மொஸ்கோ, புடாபெஸ்ட் என்று வந்து, கடைசியில் ஏஜென்சிக்காரன் ஒரு சோளக் காட்டு ஓரத்தில் இரவு இறக்கிவிட்டு, வெளிச்சம் தெரிகிற பக்கம் நடவுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். வெளிச்சம் இரண்டு பக்கமும் தெரிந்தது. அறுவடை முடிந்த சோளக்கட்டைகள் காலைக் குத்தின. என் காலில் இருந்தது சாதாரண சப்பாத்து, கொழும்பில் வாங்கியது. எங்களில் ஒரு பெடியனுக்குக் காய்ச்சல். அவனை மாறி மாறிப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

விடியப்பார்க்கும் நேரம் துவக்கோடு இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். அந்தக் காலம் ஆஸ்திரியா எல்லைக்கு ஆமியைப் போட்டிருந்தது, 90 இல் தொடங்கி இருபது வருசம் நின்றார்கள். எனக்கு அது தெரியாது. ஆமி என்றதும் எங்களுக்கு வேறு ஞாபகம்தானே வரும். கையைத் தூக்கிக்கொண்டு முழங்காலில் இருந்துவிட்டோம். ஒருவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், கட்டாயச் சேவைக்கு வந்த பிள்ளை. அவன் எங்களைவிடப் பயந்து போனான். எழும்புங்கள் எழும்புங்கள் என்று கையால் காட்டினான். பிறகு தன் பிளாஸ்க்கைத் திறந்து காய்ச்சல்காரப் பெடியனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். மூடியில்தான். அதில் எலுமிச்சை மணந்தது.

இப்போது எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட். பத்து வருசத்துக்கு முதல் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோபுரத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவள்தான் கேட்டாள். மேலே நின்று இந்தக் கால் ஆஸ்திரியா, இந்தக் கால் ஹங்கேரி என்று துள்ளித் துள்ளி விளையாடினாள். நான் கிழக்குப் பக்கக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி குறை நினைக்க வேண்டாம். நான் கார் நிறுத்தத்திலிருந்துதான் போனேன். இனிப் போனாலும் அப்படித்தான் போவேன். ஹங்கேரிக் காட்டில் நான் நடந்தது எனக்குப் போதும்.

#11 செம்பருத்தி

அண்ணா, இரண்டு தடவை படித்தேன். அந்தக் காய்ச்சல் பையன் இப்போது எங்கே?

#12 வல்லைவெளி

டொரோண்டோவில். மூன்று பிள்ளைகள். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் எடுத்துக் கதைப்பான்.

#13 நடைவண்டி

அண்ணை, நான் ஒன்றும் குறை நினைக்கவில்லை. எழுதியதை அழிக்கவும் மாட்டேன், ஆனால் இன்றைக்கு எழுதினால் அந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டேன்.

#14 பாறைப்பூ

லியோபனில் நிலவியல் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் எங்களை இங்கே கூட்டிப் போனார்கள், அதனால் வேறு பக்கத்திலிருந்து கொஞ்சம்.

ஆல்ப்ஸ் மலைத்தொடர் கிழக்கே சமவெளிக்குள் முங்கிப்போவதற்கு முன் கடைசியாகத் தலைகாட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. கோபுரத்தில் நின்றால் அது கண்ணாலேயே தெரியும். மேற்கே மடிப்பு மடிப்பாகக் குன்றுகள், தெளிவான நாளில் ஷ்னேபெர்க் வரைக்கும். கிழக்கே தட்டையாகச் சமவெளி. அந்தச் சமவெளிக்கு அடியிலும் ஆல்ப்ஸ் பாறை போகிறது, மேலே வண்டல் மூடியிருக்கிறது.

பாறை இன்னும் சுவாரசியம். பச்சை நிறத்தில் ஏடு ஏடாகப் பிரியும் கல்லைப் பாதையில் பார்த்திருப்பீர்கள். அது ஒரு காலத்தில் கடலடி. ஐரோப்பாவுக்கும் தெற்கே இருந்த அட்ரியாட்டிக் தட்டுக்கும் நடுவே, ஜுராசிக் காலத்தில் திறந்த ஒரு கடலின் எரிமலைப் பாறையும் சேறும். பிற்பாடு தெற்குத் தட்டு வந்து அதன்மேல் ஏறி அமுக்கியதில் பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய், வெந்து, நசுங்கி, ஏடாகிவிட்டது. மேலே இருந்த பாறை தேய்ந்து விலகிய இடத்தில் ஓட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்ப்பது போல அது தெரிகிறது. அதனால் நாங்கள் ரெஹ்னிட்ஸ் ஜன்னல் என்போம். இதே அடுக்கு மேற்கே டவர்ன் மலைகளிலும் பெரிய ஜன்னலாகத் திறந்திருக்கிறது. பக்கத்தில் பெர்ன்ஷ்டைன் ஊரில் இதே கூட்டத்தைச் சேர்ந்த பச்சைப் பாம்புக்கல்லைக் கடைந்து சிமிழும் பொம்மையும் செய்கிறார்கள்.

ஆக, கணக்கன் சார் சொன்ன இரண்டு கடல் போதாது, மூன்றாவதாக ஒன்று காலுக்கடியிலேயே இருக்கிறது.

#15 குடந்தைக் கணக்கன்

தம்பி, இதை நான் யோசிக்கவே இல்லை. சபாஷ்.

ரெஹ்னிட்ஸ் என்று வந்ததால் ஓர் உபரித் தகவல். அந்த ஊருக்கு ஹங்கேரியனில் ரொஹொன்ட்ஸ் என்று பெயர். அங்கே கோட்டையில் இருந்த பொத்தியானி குடும்பத்து நூலகத்தை 1838 இல் ஹங்கேரிய அறிவியல் கழகத்துக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு சின்னக் கையெழுத்துப் புத்தகம், எந்த மொழி என்றே தெரியாத எழுத்தில், நடுநடுவே படங்களோடு இருந்தது. ரொஹொன்ட்ஸி கோடெக்ஸ் என்பார்கள். சுமேரியம் என்றார் ஒருவர், பழைய ருமேனியம் என்றார் இன்னொருவர், நம் பிராமி என்று வாசித்துக் காட்டியவரும் உண்டு. சங்கேதக் கிறிஸ்தவ நூல் என்று அண்மையில் ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டிருக்கிறார்கள், எல்லோரும் ஒப்பவில்லை. எழுதிய கல் உள்ள மலையின் அடிவாரத்தில் வாசிக்க முடியாத புத்தகம்.

#16 நடைவண்டி

ரெஹ்னிட்ஸ் பக்கமாகக் காரில் வருகிறவர்கள் அந்த ஊர் விளிம்பில் இன்னோர் இடத்திலும் நிறுத்திவிட்டுப் போங்கள். கூரையில்லாத ஒரு பழைய கொட்டகை, சிலுவை வடிவத்தில் கட்டியது. க்ரொய்ட்ஸ்ஷ்டாடல் என்பது பெயர்.

1945 மார்ச் மாதம். ரஷ்யப் படை நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லை நெடுக அகழி வெட்ட ஹங்கேரிய யூதர்களை அடிமை வேலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மார்ச் 24 இரவு ரெஹ்னிட்ஸ் கோட்டையில் நாஜிக்காரர்களுக்கு விருந்து. விருந்துக்கு நடுவே சிலர் எழுந்து போய், வேலை செய்ய முடியாத அளவுக்கு நோய்ப்பட்டிருந்த சுமார் 180 பேரை அந்தக் கொட்டகைப் பக்கம் சுட்டுக் கொன்றுவிட்டு, திரும்பி வந்து விருந்தைத் தொடர்ந்தார்கள். குழி தோண்டிப் புதைக்க வைத்தவர்களையும் மறுநாள் சுட்டார்கள். போருக்குப்பின் வழக்கு நடந்தது, முக்கியமான சாட்சிகள் கொலையானார்கள். அந்தப் பெரிய புதைகுழியை எத்தனையோ தடவை தோண்டித் தேடியும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. கோட்டை போரின் கடைசி நாட்களில் எரிந்துபோய்விட்டது.

கோபுரத்திலிருந்து தெற்கே பார்த்தால் அந்த ஊர்ப்பக்கம் தெரியும். வயல், திராட்சைத் தோட்டம், தேவாலயக் கூம்பு. முதல் தடவை படம் எடுத்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது.

#17 கட்டுச்சோறு

இதற்குப்பிறகு சோறு பற்றிக் கேட்பது ஒரு மாதிரி இருக்கிறது, ஆனாலும் என் பெயருக்கு நான் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஹங்கேரி வழியாக நடக்கிறவர்களுக்கு வழி, நேரம், சாப்பாடு எல்லாம் ஒருவர் எழுதுங்கள். அக்டோபர் 26 ஆஸ்திரிய தேசிய நாள், எனக்கு விடுமுறை. அன்றைக்கு ஊரே மலையேறும். நானும் ஏறிப் பார்க்கிறேன்.

#18 நடைவண்டி

சரி, வழி.

வியன்னாவிலிருந்து ஷோப்ரோன் வழியாக சொம்பொட்ஹெய், அங்கே மாறி கோசெக். கடைசித் துண்டு 18 கிலோமீட்டர்தான், கிளைப்பாதை. எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம் போல ஆகும். அக்டோபர் 26 ஹங்கேரியில் விடுமுறை இல்லை (அவர்களுடையது 23), அதனால் அது வார நாளாக வந்தால் வண்டிகள் வழக்கம்போல ஓடும். கோசெக்கில் பேருந்தைப் பிடித்து வெலெம் போங்கள். பேருந்து நேரத்தை முதல்நாளே பார்த்துவிடுங்கள். நான் ஒரு தடவை பார்க்காமல் போய் ஒன்றரை மணி நேரம் நிறுத்தத்தில் நின்றேன்.

வெலெம் ஒரே தெருவுள்ள கிராமம். 1945 குளிர்காலத்தில் ஹங்கேரியின் புனிதக் கிரீடத்தை இங்கே ஒரு பதுங்கு அறையில் ஒளித்து வைத்திருந்தார்கள் என்றால் நம்ப முடியாது, அவ்வளவு சாது. ஊரைச் சுற்றி நல்ல கஷ்கொட்டை மரங்கள். அக்டோபரில் அதற்கென்றே திருவிழா நடத்துகிறார்கள், சுட்ட கஷ்கொட்டை காகிதக் கூம்பில் கிடைக்கும். கட்டுச்சோறு அங்கேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம்.

ஊரிலிருந்து உச்சிக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். நிதானமாக ஏறினால் இரண்டரை மணி நேரம். முதலில் பீச் மரக் காடு, மேலே போகப் போக ஊசியிலை. வழியில் தண்ணீர் உண்டு என்று நம்பிப் போகாதீர்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர்.

இறங்குவது கோசெக் பக்கம், வெள்ளை-நீலம்-வெள்ளைக் கோடு போட்ட பாதை. அதுதான் கேக்தூரா, ஹங்கேரியர்களின் நீலத்தடம். அது தொடங்குகிற இடமே இந்தக் கோபுரம். இங்கிருந்து நாட்டின் குறுக்கே நடந்து, வடகிழக்கு மூலையில் ஸ்லோவாக்கிய எல்லைக்குப் பக்கத்தில் ஹொல்லோஹாசா என்ற ஊரில் முடியும். சுமார் 1170 கிலோமீட்டர். 1938 இல், இஷ்த்வான் அரசர் இறந்த 900ஆம் ஆண்டை ஒட்டி அவர் பெயரில் தொடங்கினார்கள். ஒவ்வோர் இடத்திலும் முத்திரை வைத்திருக்கிறார்கள், சின்னப் புத்தகத்தில் குத்திக்கொண்டே போகவேண்டும். போன ஞாயிறு கோபுரத்தடியில் அறுபதைத் தாண்டிய தம்பதி ஒன்று, புத்தம்புதுப் புத்தகத்தில் முதல் முத்திரையைக் குத்திவிட்டு அது சரியாகப் பதிந்திருக்கிறதா என்று ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை வருடத்தில் முடிப்பீர்கள் என்று கேட்டேன். கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி, "இவர் பேச்சைக் குறைத்தால் ஐந்து" என்றார்.

உச்சியிலிருந்து கோசெக் வரை நீலத்தடத்தில் சுமார் 15 கிலோமீட்டர். நடுவில் ஷ்டாயர்ஹாசக், முன்பு ஷ்டைர்மார்க்கிலிருந்து வந்த மரவெட்டிகள் குடியிருந்த வீடுகள். அப்புறம் ஹேத்ஃபோர்ராஷ் என்ற ஏழு ஊற்று. ஏழு குழாயில் தண்ணீர் விழும், ஒவ்வொன்றுக்கும் பழைய மஜார் தலைவர் ஒருவரின் பெயர்.

கோசெக்கில் ஒரு மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தேவாலய மணி பகல் 11 மணிக்கு அடிக்கும், 12க்கு முன்னோட்டமாக அல்ல. 1532 இல் துருக்கி சுல்தான் சுலைமான் வியன்னாவை நோக்கிப் படையோடு வந்தபோது ஆயிரம் பேர்கூட இல்லாத இந்தக் கோட்டை ஆகஸ்ட் மாதம் முழுக்க அவரைத் தாமதப்படுத்தியது. ஆகஸ்ட் 30 அன்று முற்றுகை விலகிய நேரம் அது. இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1740 முதல் வருடந்தோறும் ஏப்ரல் 24 அன்று திராட்சைத் துளிர்களை வெட்டி வந்து, எவ்வளவு நீளம் வளர்ந்திருக்கிறது என்று ஒரு புத்தகத்தில் அசலளவில் வரைந்து வைக்கிறார்கள். இன்னும் வரைகிறார்கள்.

#19 செம்பருத்தி

உண்ணியை யாரும் சொல்லவில்லையே! புர்கன்லாண்ட் காட்டில் உண்ணி அதிகம், மூளைக்காய்ச்சல் பரப்பும் வகை. ஆஸ்திரியாவில் அதற்குத் தடுப்பூசி எல்லோருக்கும் பரிந்துரைக்கிறார்கள். அக்டோபரிலும் வெயில் அடித்தால் அது சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். முழுக்கால்சட்டை, காலுறையை அதன்மேல் இழுத்துவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், இடுப்பு, காது மடல் எல்லாம் பாருங்கள். எங்கள் அம்மாவின் சேலைக் கொசுவத்தில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. ஊரில் மாட்டிலிருந்து பிடுங்கிய பழக்கம், அலட்டாமல் எடுத்து நசுக்கிப் போட்டார்.

#20 குடந்தைக் கணக்கன்

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்கு வைப்பார்கள். அதற்குப்பின் மாலை 5 மணிக்கெல்லாம் காட்டுக்குள் இருட்டு. வெலெமில் 10 மணிக்கு மேல் ஏற ஆரம்பித்தால் 15 கிலோமீட்டரில் கடைசித் துண்டை டார்ச்சோடு நடக்க வேண்டியிருக்கும். முதல்நாள் இரவே கோசெக்கில் தங்குவது புத்திசாலித்தனம்.

#21 கட்டுச்சோறு

தங்குவோம். நான், என் அறைத்தோழன், பாறைப்பூ (தனிச்செய்தியில் வருகிறேன் என்றார்), நடைவண்டி. கணக்கன் சார்?

#22 குடந்தைக் கணக்கன்

நான் மருமகளோடு கார் நிறுத்தத்துப் பக்கம். 884ஐ நானே ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்.

#23 நடைவண்டி

அப்போது மதியம் ஒன்றரைக்குக் கோபுரத்தடியில் சந்திப்பு. வெலெமிலிருந்து நாலு பேர், சாலையிலிருந்து இரண்டு பேர். மழையென்றால் முதல்நாள் காலையே இங்கே எழுதிவிடுவேன். செம்பருத்தி அன்றைக்கு வேலை என்று சொல்லிவிட்டார்.

#24 வல்லைவெளி

நானும் வரலாம். காரில்தான். மகள் இப்போது லைசென்ஸ் எடுத்துவிட்டாள், அவள் ஓட்டுவாள். தேத்தண்ணி நான் கொண்டுவருகிறேன், பெரிய பிளாஸ்க் இருக்கிறது. எல்லோரும் சீனி போட்டா குடிப்பீர்கள்?

#25 கட்டுச்சோறு

எனக்கு இரண்டு கரண்டி, அண்ணை. சாருக்குச் சீனி வேண்டாம், அவருக்கு எல்லாம் பால்டிக் கணக்குதான்.